பிழை எல்லாருக்கும் சமமாப் பங்கு போறதில்ல: வாகரையும் அஸ்வெசுமவின் கோடும்

அஸ்வெசும பற்றி எங்க கதை தொடங்கினாலும் கடைசியில ஒரு வசனம் வந்து நிக்கும்: "கணக்கெடுப்பு எண்டா பிழை வரத்தானே செய்யும். அங்க ஒண்டு கூடும், இங்க ஒண்டு குறையும். மொத்தத்தில சரியாப் போயிடும்." அதிகாரிகள் இதைச் சொல்றாங்க. தொலைக்காட்சி விவாதத்தில வாறவங்க சொல்றாங்க. பொருளியல் படிச்ச எங்கட நண்பர்களும் சொல்றாங்க. கேக்க நியாயமா, பெருந்தன்மையாக் கூட இருக்கு.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கு எதிரானது. அந்த வசனம் பிழை. அரசியல் ரீதியாப் பிழை எண்டு சொல்ல வரேல்ல. அதுக்கு முன்னமே கணக்கு ரீதியாப் பிழை. அளக்கிற ஆள் நேர்மையானவர், படிவம் நேர்மையானது, பிழை ரெண்டு பக்கமும் சமமா விழுது எண்டு வைச்சுக்கொண்டாலும் அதன் விளைவு சமமா விழாது. அது வறுமை செறிந்த ஊரிலிருந்து எடுத்து, வறுமை குறைந்த ஊருக்குக் கொடுக்கும். கோறளைப்பற்று வடக்கிலிருந்து எடுக்கும். வாகரையிலிருந்து எடுக்கும்.

புள்ளிவிபரவியலில் இதுக்கு நீளமான பெயர் இருக்கு: அளவீட்டுப் பிழை உள்ள நேர்கோட்டுத்தன்மையற்ற மாதிரிகளில் மதிப்பீடு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேணாம். விசயம் சாதாரண தரக் கணக்குக்குள்ளயே அடங்கும்.

கோடு எங்க இருக்கு

முதல்ல திட்டம். 2022இல் நாடு வங்குரோத்தானது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோட உடன்படிக்கை வந்தது. அதே ஆண்டு ஜூலையில், 1995 முதல் இருந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. நடத்துறது நலன்புரி நன்மைகள் சபை. குடும்பங்களை 22 குறிகாட்டிகளால அளக்கிறாங்க. அவை கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு எண்டு ஆறு பரிமாணங்களுக்குள்ள வரும். ஒவ்வொண்டுக்கும் நிறை இருக்கு. கூட்டினா ஒரு புள்ளி வரும். அந்தப் புள்ளியில கோடு போட்டு நாலு வகுப்பாப் பிரிப்பாங்க. தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். வகுப்புகளுக்கு இடமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது: 4 இலட்சம், 4 இலட்சம், 8 இலட்சம், 4 இலட்சம். மொத்தம் 20 இலட்சம் குடும்பங்கள்.

இதில கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்டு, கோடு. தொடக்கத் தொகைப்படி, கோட்டுக்கு ஒரு புள்ளி இந்தப் பக்கம் நிண்டா 8,500 ரூபாய் கிடைச்சது, ஒரு புள்ளி அந்தப் பக்கம் நிண்டா 5,000. கடைசிக் கோட்டைத் தாண்டினா ஒண்டும் இல்ல. அடுத்தது, இடத்தின் எண்ணிக்கை. ஒருத்தர் பிழையா உள்ள வந்தா இன்னொருத்தர் வெளிய போக வேணும்.

புள்ளிகளைக் கூட்டுறது நேர்கோட்டு வேலை. கோடு போட்டு வெட்டுறது நேர்கோட்டு வேலை இல்ல. எல்லாச் சிக்கலும் அந்த வெட்டில்தான் இருக்கு.

நண்டுத் தராசு

களப்பில நண்டு பிடிக்கிற ஆக்களுக்கு இது புதுசு இல்ல. வியாபாரி நிறை பாத்து ரகம் பிரிப்பார். பெரிய ரகத்துக்கு ஒரு விலை, சின்ன ரகத்துக்கு அதில பாதி. தராசு கொஞ்சம் ஆடுது எண்டு வைப்பம். வேணுமெண்டு ஏமாத்துற தராசு இல்ல; சில நேரம் கூடக் காட்டும், சில நேரம் குறையக் காட்டும்.

கிலோக் கணக்கில மட்டும் காசு எண்டா ஒரு பிரச்சினையும் இல்ல. நூறு தடவை நிறுத்தா கூடினதும் குறைஞ்சதும் ஒண்டையொண்டு சாப்பிட்டுடும். "மொத்தத்தில சரியாப் போயிடும்" எண்ட வசனம் இங்க உண்மை.

ஆனா ரகம் பிரிக்கேக்க? நீங்க 100 நண்டு கொண்டு போறீங்க. உண்மையில 80 பெரிசு, 20 சின்னது. தராசு பத்தில ஒண்டைப் பிழையான ரகத்தில போடும், ரெண்டு பக்கமும் ஒரே விகிதத்தில். பெரிசில 8 கீழ போகும். சின்னதில 2 மேல வரும். உங்களுக்கு 6 நண்டில பெரிய ரக விலைக்கும் சின்ன ரக விலைக்கும் உள்ள வித்தியாசம் நட்டம். உங்களுக்குப் பின்னால நிக்கிறவரிட்ட 20 பெரிசு, 80 சின்னது. அவருக்கு 2 கீழ போகும், 8 மேல வரும். அவருக்கு 6 இலாபம். தராசு ஒண்டுதான், பிழை விகிதமும் ஒண்டுதான், ஒருத்தரும் களவெடுக்கேல்ல. ஆனாலும் உங்கட காசு அவருக்குப் போயிட்டுது.

இதுதான் நேர்கோட்டுத்தன்மை இல்லாத இடத்தில அளவீட்டுப் பிழை செய்யிற வேலை. பிழை எவ்வளவு சமச்சீரா இருந்தாலும், அது விழுற இடத்தில ஆக்கள் எப்பிடிப் பரவி நிக்கிறாங்க எண்டதுதான் முடிவைத் தீர்மானிக்கும். கூட்டமான பக்கத்திலிருந்து ஆக்கள் கூட நழுவுவாங்க. கூட்டமில்லாத பக்கத்திலிருந்து குறைவாத்தான் நழுவுவாங்க.

ரெண்டு ஊர்

இப்ப நண்டை விட்டுட்டு ஆக்களுக்கு வருவம். இது கற்பனைக் கணக்கு, ஆனா கணக்கு உண்மை. ரெண்டு ஊர், ஒவ்வொண்டிலும் 100 குடும்பம். முதலாவது ஊரில 60 குடும்பம் உண்மையில வறியது. ரெண்டாவதில 10. படிவம் ஐந்தில ஒண்டைப் பிழையாப் பிரிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே அளவில்.

முதலாவது ஊரில் 60 வறிய குடும்பத்தில் 48 சரியாகப் பிடிபடும். வறுமை இல்லாத 40இல் 8 உள்ள வரும். ஆக 56. ரெண்டாவது ஊரில் 10இல் 8 பிடிபடும், மிச்சம் 90இல் 18 உள்ள வரும். ஆக 26. உண்மையில 60க்கு 10 எண்டு இருந்த இடைவெளி, தாளில 56க்கு 26 ஆச்சு. ஆறு மடங்கு வித்தியாசம் ரெண்டு மடங்கு சொச்சமாச் சுருங்கிப் போச்சு.

இப்ப இடத்தின் எண்ணிக்கையைக் கொண்டு வாங்க. நிதி 70 குடும்பத்துக்குத்தான். உண்மையான வறியவங்களும் சரியா 70தான், அதால நிதி போதும். ஆனா படிவம் 82 பேரைக் காட்டுது. ரெண்டு ஊரிலயும் ஒரே விகிதத்தில் வெட்டினா முதலாவது ஊருக்குக் கிட்டத்தட்ட 48 இடம், ரெண்டாவதுக்கு 22. அந்த 48க்குள்ள உண்மையான வறியவங்க 41 பேர்தான். 60 வறிய குடும்பத்தில் 19 குடும்பம் வெளிய. ரெண்டாவது ஊரில் வெளிய போனது 3 குடும்பம் மட்டும். அங்க வறுமை இல்லாத 15 குடும்பம் காசு எடுக்குது.

ஒருத்தரும் பாகுபாடு காட்டேல்ல. ஒரு அரசியல்வாதியும் தலையிடேல்ல. ஆனா 12 இடம் வறிய ஊரிலிருந்து வசதியான ஊருக்கு மாறிப் போயிட்டுது. "அங்க ஒண்டு கூடும், இங்க ஒண்டு குறையும்" எண்டு சொல்றவங்க உண்மைதான் சொல்றாங்க. 'அங்க' எண்டா எங்க, 'இங்க' எண்டா எங்க எண்டு மட்டும் அவங்க சொல்றதில்ல.

ஐந்தில ஒண்டு எண்டது நான் வைச்ச எண். உண்மையான பிழை விகிதம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். எந்த எண் வைச்சாலும் திசை மாறாது. வறுமை பாதிக்கு மேல இருக்கிற ஊர் இழக்கும், பாதிக்குக் கீழ இருக்கிற ஊர் பெறும்.

கோட்டுக்குப் பக்கத்தில ஆக்கள் எவ்வளவு நெருக்கமா நிக்கிறாங்க எண்டதுக்கு அரசின் சொந்தக் கணக்கே சாட்சி. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016க்குச் சொன்ன நாட்டின் வறுமை விகிதம் 4.1 சதவீதம். அப்ப மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 11.3. பிறகு வறுமைக் கோட்டையே புதுப்பிச்சாங்க. 2019 ஆய்வுக்கு ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய் எண்டு. வந்த விகிதம் 14.3 சதவீதம். நெருக்கடி வர முன்னமே, கோட்டைத் தள்ளி வைச்சவுடனே, வறியவங்க தொகை மூண்டு மடங்குக்கு மேல ஆச்சு. கோட்டின் ரெண்டு பக்கமும் அவ்வளவு நெருக்கடி. அப்பிடியான இடத்தில புள்ளியில வாற சின்ன ஆட்டம் பெரிய ஆட்டம்.

வாகரையில் தராசு ஒரு பக்கம்தான் ஆடுது

இதுவரைக்கும் பிழை சமச்சீர் எண்டு எதிர்த்தரப்புக்குச் சலுகை குடுத்துத்தான் பேசினேன். இனி அந்தச் சலுகையைத் திருப்பி எடுப்பம்.

வாகரை மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே அறுபது கிலோமீற்றருக்கு மேல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் காடும். கடல் தொழில், களப்புத் தொழில், சேனை, தேன், கூலி. கரையோர வேடர் வழிவந்த குடும்பங்களும் இஞ்சதான். இந்த வாழ்க்கையில 'மாத வருமானம்' எண்ட ஒண்டு கிடையாது. வருசத்தில எட்டு மாசம் 40,000, மாரி மாசம் நாலும் 4,000 எண்டு உழைக்கிற ஒரு குடும்பத்தை எடுங்க. சராசரி 28,000. ஆனா அந்தக் குடும்பம் ஒரு மாசமும் 28,000 கண்டதில்ல. படிவக்காரர் சித்திரையில வந்தா வசதியான குடும்பம். கார்த்திகையில வந்தா மிக வறிய குடும்பம். அதே மனிசர், அதே அடுப்பு. அரச சம்பளம் எடுக்கிற வீட்டில எந்த மாசம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அதாவது, அளவீட்டுப் பிழையின் பருமனே தொழிலுக்குத் தொழில் வேற. நிரந்தரச் சம்பளக்காரருக்குச் சின்னன், மீனவருக்குப் பெரிசு.

அடுத்தது வீடு. சுவர் கல்லா, களிமண்ணா? கூரை ஓடா, ஓலையா? நாட்டின் மற்றப் பக்கங்களில் கல்வீடு எண்டா குடும்பம் உழைச்சுக் கட்டினது, அது வசதிக்கு அடையாளமா இருக்கலாம். எங்கட கரையில அப்பிடி இல்ல. 2004 சுனாமி வந்தது. 2006 நவம்பரில் இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலை மேல எறிகணை விழுந்தது. 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைப் பிடிக்கிறதுக்குள்ள ஊரே எழும்பி முகாமுக்குப் போயிருந்தது. திரும்பி வந்த ஆக்களுக்கு நிறுவனங்களும் அரசும் கல்வீடு கட்டிக் குடுத்தாங்க. அந்தச் சுவர் குடும்பத்தின் வசதியை அளக்கேல்ல, அது இழந்ததை அளக்குது. ஆனா அந்தச் சுவரைப் படிவம் வசதியா எண்ணிக்கொள்ளும். உதவியாக் கிடைச்ச வள்ளம் சொத்து. ஒரே மீற்றரில ரெண்டு குடும்பம் மின்சாரம் எடுத்தா ரெண்டு குடும்பத்தின் பாவனையும் ஒருத்தர் தலையில.

பாடப்புத்தகத்தில் இருக்கிற பிழை, உண்மையான அளவோட தொடர்பில்லாம தற்செயலா விழுறது. இஞ்ச விழுறது அது இல்ல. இது போரோடயும் அனர்த்தத்தோடயும் தொடர்புள்ள பிழை. கூட இழந்தவர் கூட வசதியானவராத் தெரிவார். இந்த வகைப் பிழையை எவ்வளவு பெரிய தரவு சேர்த்தாலும் சராசரி எடுத்துப் போக்காட்ட ஏலாது. பத்து இலட்சம் குடும்பத்தை அளந்தாலும் அதே பக்கம்தான் சாயும்.

இதுக்கொரு வரலாறும் இருக்கு. 1981க்குப் பிறகு நாடு முழுக்க நடந்த அடுத்த குடிசன மதிப்பு 2012இல்தான். 2001 கணக்கெடுப்பு மட்டக்களப்பில் முழுமையா நடக்கேல்ல. வீட்டு வருமான, செலவின ஆய்வு 2002இல் வடக்கு, கிழக்கு ரெண்டையும் விட்டுட்டு நடந்தது. 2006/07 ஆய்வில் மட்டக்களப்பு உள்ள வந்தது. அந்த ஆய்வு நடந்த காலம் 2006 ஜூலையிலிருந்து 2007 ஜூன் வரை. அந்த மாசங்களில் வாகரைச் சனம் எங்க இருந்தது எண்டு மேல சொன்னேன். ஒரு ஊர் முகாமில இருக்கேக்க அதன் வீட்டுச் செலவை எந்தத் தராசில நிறுக்கிற? எங்களை அளக்காம விட்ட காலமும் இருக்கு, அளக்கக்கூடாத நேரத்தில அளந்த காலமும் இருக்கு.

மூண்டு மறுப்பு, மூண்டு பதில்

"மேன்முறையீடு செய்யலாமே." செய்தாங்க. 2023இல் முதல் பட்டியல் வந்தவுடனே ஒன்பது இலட்சத்துக்கு மேல மேன்முறையீடுகள் வந்ததா அரசே சொன்னது. 20 இலட்சம் இடமுள்ள திட்டத்தில் ஒன்பது இலட்சம்! இதைத் திட்டம் வேலை செய்யுது எண்டதுக்கு ஆதாரமாக் காட்டுறவங்களும் இருக்காங்க. ஆனா மேன்முறையீடு பிழையைத் திருத்துற கருவி இல்ல, பிழையை இன்னொருக்கா வடிகட்டுற கருவி. எழுதத் தெரிஞ்சவர், போன் இருக்கிறவர், ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரிசையில நிக்க ஏலுமானவர்தான் செய்வார். ஆக வறியவர், ஆகத் தூரத்தில இருக்கிறவர், கணவன் இல்லாம மூண்டு பிள்ளையோட இருக்கிற அக்கா வரமாட்டா. வந்தாலும் அதே படிவம், அதே குறிகாட்டி. பிழையான தராசில ரெண்டாந்தரம் நிறுத்தா நிறை சரிவராது.

"அப்ப பழையபடி சமுர்த்திக்குப் போகச் சொல்றியா? அரசியல்வாதியின் பட்டியலை விடக் கணினியின் பட்டியல் நல்லம்தானே?" இந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. கட்சிக்காரரின் சிபாரிசில பேர் சேர்ந்ததும் வெட்டுப்பட்டதும் கிழக்கில எல்லாருக்கும் தெரியும். ஆனா தெரிவு அந்த ரெண்டுக்குள்ள மட்டும் எண்டு யார் சொன்னது? கட்சிக்காரரோட சண்டை பிடிக்கலாம், அவரைத் தோற்கடிக்கலாம். "கணினி சொல்லிட்டுது" எண்டு கிராம உத்தியோகத்தர் கையை விரிச்சா யாரோட சண்டை பிடிக்கிற? பக்கச்சார்பு ஆளிட்ட இருந்து சூத்திரத்துக்கு மாறினா அது பக்கச்சார்பு இல்லாமப் போகாது, முகம் இல்லாமப் போகும்.

"புள்ளிவிபரமே பொய். எல்லாம் மேற்கிலிருந்து வந்த விளையாட்டு." இது எங்கட பக்கத்து ஆக்களே சொல்றது. இதோடயும் எனக்கு உடன்பாடு இல்ல. மேல போட்ட கணக்குத்தான் எங்களுக்கு அநியாயத்தைக் காட்டித் தந்தது. அளக்காம விட்டதால நாங்க எவ்வளவு இழந்தோம் எண்டும் சொன்னேன். எங்கட கோபம் அளக்கிறதில இல்ல. அளந்த எண்ணோட பிழையின் அளவைச் சொல்லாம விடுறதிலதான்.

தெரியாது எண்டு சொல்ல ஏலாது

ஏனெண்டா, இது தீராத மர்மம் இல்ல. அரை நூற்றாண்டா இதுக்கெண்டே ஒரு துறை இருக்கு. வெய்ன் ஃபுல்லர் 1987இல் அளவீட்டுப் பிழை மாதிரிகள் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். நேர்கோட்டு மாதிரியில பிழை என்ன செய்யும் எண்டது அதுக்கும் முன்னமே தெரியும்: ரிக்ரெஷன் சரிவைப் பூச்சியத்தை நோக்கி மழுங்கடிக்கும். கம்பஸில முதலாம் வருசத்தில இதை ஒரு அடிக்குறிப்பாச் சொல்லிட்டுப் போவாங்க. நேர்கோடு இல்லாத மாதிரியில அப்பிடி ஒரு எளிமையான விதி கிடையாது எண்டதைச் சொல்றதே குறைவு. அங்க பிழை கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும், வளைவின் வடிவத்தையே மாத்தவும் செய்யும்.

1994இல் குக், ஸ்டெஃபான்ஸ்கி ரெண்டு பேரும் ஒரு அழகான வழி சொன்னாங்க. பிழையைக் கழிக்கத் தெரியேல்லயா? வேணுமெண்டே இன்னும் கொஞ்சம் பிழையைச் சேர்த்துப் பாருங்க. இன்னும் கொஞ்சம். விடை எந்தப் பக்கம் நகருது எண்டு பாத்து, அதே பாதையில பின்னோக்கிப் போனா பிழையில்லாத இடத்துக்குக் கிட்டப் போகலாம். 1995இல் கரோல், ரூபர்ட், ஸ்டெஃபான்ஸ்கி மூண்டு பேரும் நேர்கோட்டுத்தன்மையற்ற மாதிரிகளில் அளவீட்டுப் பிழை பற்றியே புத்தகம் போட்டாங்க. 2004இல் சூசன் ஷெனாக் காட்டினது, ஒரே விசயத்தை ரெண்டு தரம் அளந்தா, ரெண்டு அளவின் பிழையும் ஒண்டோடொண்டு தொடர்பில்லாம இருந்தா, பிழையின் வடிவத்தை முன்கூட்டியே தெரியாமலே இப்பிடியான மாதிரிகளை மதிப்பிடலாம் எண்டு. அதுக்கு அடித்தளம் 1967இல் கொட்லார்ஸ்கி நிறுவின ஒரு தேற்றம்.

ரெண்டு தரம் அளக்கிறது எவ்வளவு பலம் எண்டதுக்கு எங்கட கற்பனை ஊரையே எடுங்க. 100 குடும்பத்தை வேற ஒரு குழு, வேற ஒரு பருவத்தில திரும்ப அளக்குது. 32 குடும்பத்துக்கு முதல் விடையும் ரெண்டாம் விடையும் பொருந்தேல்ல. உண்மை எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும், ரெண்டு பக்கமும் ஒரே பிழை விகிதம் எண்டு எடுத்தா, அந்த 32 எண்ட எண்ணிலிருந்தே விகிதம் ஐந்தில ஒண்டு எண்டு கண்டுபிடிக்கலாம்: ஒரு தரம் சரி, ஒரு தரம் பிழை ஆகிறதுக்கு ரெண்டு வழி, 2 பெருக்கல் 0.2 பெருக்கல் 0.8 எண்டா 0.32. பிறகு தாளில வந்த 56 சதவீதத்திலிருந்து 20ஐக் கழிச்சு 0.6ஆல வகுங்க. 60 வரும். ரெண்டாவது ஊரின் 26ஐ அதே மாதிரிச் செய்ங்க. 10 வரும். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். மறைஞ்சு போன ஆறு மடங்கு வித்தியாசம் திரும்பி வந்திட்டுது.

நேர்மைக்கு இதன் எல்லையையும் சொல்ல வேணும். முதலாவது, ரெண்டு அளவும் உண்மையிலயே சுயாதீனமா இருக்க வேணும். ரெண்டு தரமும் கல்வீட்டை வசதி எண்டு எண்ணினா அந்தப் பிழை ரெண்டிலயும் சேந்தே வரும், கணக்குக்கு அது தெரியாது. அதால ரெண்டாவது அளவு வேற வகையா இருக்க வேணும்: வருசம் முழுக்கச் செலவுக் குறிப்பு, வீட்டில என்ன சாப்பாடு, எவ்வளவு கடன். இரண்டாவது, பிழை பெரிசா இருந்தா உண்மையான பரம்பலை மீட்டெடுக்க மலையளவு தரவு வேணும். பிழை மணி வடிவத்தில பரவியிருந்தா இன்னும் கஷ்டம். மூண்டாவது, ஆக முக்கியம்: இந்த முறைகள் ஊரின் எண்ணிக்கையைத்தான் திருத்தும். 56 இல்ல, 60 எண்டு சொல்லும். விடுபட்ட குடும்பங்கள் எவை எண்டு சொல்லாது. அந்தத் தகவல் படிவத்திலயே இல்ல. எந்தச் சூத்திரத்தாலயும் அதை வரவழைக்க ஏலாது.

இந்த மூண்டாவதுதான் என்ர வாதத்தின் முடிச்சு. குடும்பம் குடும்பமாத் தெரிவு செய்யிற சூத்திரத்தை இன்னும் கூர்மையாக்கினா எல்லாம் சரிவரும் எண்ட நம்பிக்கை பொய். உலக வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைமை தாங்கின மார்ட்டின் ரவாலியன், கெய்ட்லின் பிரவுன், டொமினிக் வான் டி வால் ஆகியோரோட சேந்து ஒன்பது ஆபிரிக்க நாடுகளின் தரவை வைச்சு இப்பிடியான மறைமுகக் குறிகாட்டி முறைகளை ஆராய்ஞ்சார். வறுமை இல்லாதவர் உள்ள வாறதை அந்த முறைகள் குறைக்குது, ஆனா அதுக்கு விலையாப் பெருமளவு வறியவரை வெளிய விடுது எண்டதுதான் முடிவு. இந்த முறைகளைப் பரப்பின இடத்துக்குள்ள இருந்தே வந்த குரல் அது.

என்ன வேணும்

ஒண்டு: ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஒரு சின்ன மாதிரிக் குடும்பங்களை வேற குழு, வேற பருவத்தில, வேற முறையில திரும்ப அளக்க வேணும். வாகரையில கட்டாயம் மாரியில ஒருக்கா. பொருந்தாத விகிதத்தைப் பிரிவு வாரியா வெளியிட வேணும். வறுமை எண் எங்க அச்சாகுதோ, அதுக்குப் பக்கத்தில பிழை எண்ணும் அச்சாக வேணும்.

ரெண்டு: ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் புள்ளி, எந்தக் குறிகாட்டியில எவ்வளவு வந்தது எண்டது தமிழில, எழுத்தில கையில குடுக்க வேணும். "உங்கட பேர் வரேல்ல" எண்டது பதில் இல்ல.

மூண்டு: உதவியாக் கிடைச்ச வீடும் வள்ளமும் சொத்துக் கணக்கிலிருந்து விலக வேணும். இது சலுகை இல்ல, அளவுத் திருத்தம்.

நாலு: வறுமை பாதிக்கு மேல எண்டு திருத்தின கணக்குக் காட்டுற பிரிவுகளில வீடு வீடாக் கோடு கீறுறதை நிப்பாட்டிட்டு எல்லாருக்கும் குடுக்க வேணும். எங்கட உதாரணத்தில அப்பிடிச் செய்தா வறுமை இல்லாத 40 குடும்பத்துக்கும் காசு போகும், உண்மைதான். அந்த 40ஐ விலக்கப் போய்த்தான் 19 வறிய குடும்பம் வெளிய நிக்குது. அந்த 40 பேரும் கொழும்பு ஏழு வாசிகள் இல்ல, கோட்டுக்கு ரெண்டு புள்ளி மேல நிக்கிற அதே களப்பின் ஆக்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகள், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு எந்த ஊரிலயும் புள்ளி பாக்காம உரித்தாக் குடுக்கலாம். வயசை அளக்கிறதில பிழை குறைவு.

காசு எங்க எண்டு கேப்பாங்க. கேக்கட்டும். அது நேர்மையான கேள்வி, அதில அரசியல் விவாதம் நடக்கலாம். ஆனா "காசு இல்ல, அதால 19 குடும்பத்தை விடுறோம்" எண்டு வாயால சொல்லிட்டு விடுறது வேற. "கணக்கு சரியாத்தான் இருக்கு" எண்டு சொல்லி விடுறது வேற. முதலாவதுக்கு நாங்க வாக்குச் சீட்டில பதில் சொல்லலாம். ரெண்டாவது எங்கட கையிலிருந்து கேள்வியையே பறிச்சிடும்.

கணிதமும் புள்ளிவிபரமும் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்குக் கடைசியா ஒண்டு. உங்களுக்குத் தாற தரவுத் தாளில எண்கள் துப்புரவா இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலயும் ஒரு முற்றத்தில நிண்டு கேட்ட கேள்வியும், அண்டைக்கு எந்த மாசம் எண்டதும் இருக்கு. மாதிரியை ஓட்ட முதல் அதைக் கேளுங்க. பிறகு இருபது பேர் சேந்து, உங்கட கிராம உத்தியோகத்தர் பிரிவில ஐம்பது குடும்பத்தை நீங்களே ரெண்டாந்தரம் அளவுங்க. சித்திரையில ஒருக்கா, கார்த்திகையில ஒருக்கா. பொருந்தாத விடைகளை எண்ணுங்க. அதுக்குப் பெரிய நிதி வேணாம், கொப்பியும் பேனையும் சைக்கிளும் போதும். அந்த எண் உங்கட கையில இருந்தா, "மொத்தத்தில சரியாப் போயிடும்" எண்டு அடுத்த முறை யாராவது சொல்லேக்க, எந்த மொத்தத்தில, யாருக்குச் சரியா எண்டு நீங்க எண்ணோட திருப்பிக் கேக்கலாம்.